வாழத்தக்க ஊர் எது? சென்னையா, மதுரையா?

(கும்பத் திங்களில், மதுரை சிம்மக்கல்லில் நடைபெற்ற நம் இயக்கத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இடத்தின் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். இங்கிருந்து வைகைக் கரைப்பக்கம் சிறிது தொலைவு நடந்தால் யானைக்கல். நாம் இருப்பது சிம்மக்கல். யானை தமிழாகவே நிற்கின்றது. அதன் பக்கத்திலுள்ள அரிமா மட்டும் வடமொழிப் போர்வையைப் போர்த்துக்கொண்டு சிம்மமாகிவிட்டது. 'அரிமாக்கல்' என்று அழைப்பிதழில் அச்சிட எனக்கு அவாத்தான். பிறகு நீங்கள் யாரும் இக்கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டீர்கள் என்பதால் விட்டுவிட்டேன். (சிரிப்பு)

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, வாழத்தக்க ஊர் சென்னையா, மதுரையா என்பது. இது பட்டிமன்றமாயிருந்தால் இரண்டு அணி பிரித்து, இரவு பத்து மணிவரை நகைத்து மகிழ்ந்துவிட்டு, இரண்டும் நல்லூரே என்று நடுவர் முடித்துவைக்க, நாமும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். இக்கேள்வியை அப்படி முடிக்க எனக்கு மனமில்லை. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வைகை விரைவு வண்டியிலும் பாண்டியன் விரைவு வண்டியிலும் வடக்கு நோக்கிப் போகின்றார்கள். அவர்களுள் எத்தனை பேர் விரும்பிப் போகின்றார்கள், எத்தனை பேர் வேறு வழியின்றிப் போகின்றார்கள் என்பதே இத்தலைப்பின் உள்ளீடு.

நடுவணரசு இதற்கு முன்பே விடை கூறிவிட்டது. 2021 மார்ச்சில், வாழ்வதற்கு எளிதான நகர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். பத்து இலக்கத்திற்கு மேல் மக்கள் வாழும் 49 நகர்களை வரிசைப்படுத்தினார்கள். சென்னைக்கு 4ஆம் இடம். கோவைக்கு 7ஆம் இடம். முதற் பத்தில் மதுரை இல்லை. பின்பு 2025 சூலையில் துப்புரவுப் பட்டியல் ஒன்று வந்தது. 40 பெருநகர்களுள் மதுரைக்கு 40ஆம் இடம். சென்னைக்கு 38ஆம் இடம். வாழ்வதற்கு எளிதென நான்காம் இடத்தில் வைக்கப்பட்ட அதே சென்னை, துப்புரவில் கடைசியிலிருந்து மூன்றாவது! நான்கே ஆண்டுகளில் அந்நகரின் குப்பை வானத்திலிருந்தா விழுந்தது? எதை அளப்பது என்பதை அளப்பவன் முடிவு செய்கின்றான். அளவுகோலுக்குத் தக்கபடி ஊர் உயர்கின்றது, தாழ்கின்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அத்துப்புரவுத் திட்டத்தின் பெயர் 'சுவச் சர்வேக்சன்'. விடியுமுன் எழுந்து கீழமாசி வீதியைக் கூட்டிப் பெருக்கும் நம் அம்மையாரிடம் போய் அப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். தம் உழைப்புக்கு யார் மதிப்பெண் போட்டார்கள், எந்த மொழியில் போட்டார்கள் என்பதுகூட அவர்க்குத் தெரியாது. ஆயினும், பட்டியலைப் பழித்துவிட்டு நழுவிக்கொள்வது நேர்மையன்று. கிருதுமால் வாய்க்காலை மூக்கைப் பொத்தாமல் நம்மில் எவராலும் கடக்க முடியுமா? இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள கீழடியில், 2015 முதல் நடந்த அகழாய்வில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் நீர் செல்லும் வழிகளும் வெளிப்பட்டன. அவ்வாழ்விடத்தின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்கின்றது தமிழகத் தொல்லியல்துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை. கீழடியைக் காட்டி மார்தட்டுகின்ற நாம், நம் தெருச் சாக்கடையைப் பார்த்துத் தலை குனியவும் வேண்டும். இரண்டையும் செய்கின்றவனே மானமுள்ள தமிழன்.

ஆகவே, அவர்கள் அளவுகோல் வேண்டா. நம் அளவுகோலால் அளப்போம். ஓர் எளிய குடும்பம், ஒரு நாளில், தன் காலால் நடந்துபோய், தன் வாயால் தன் மொழியிற் பேசி, கடன்படாமல் முடித்துக்கொள்ளக்கூடிய செயல்கள் எத்தனை? கால், வாய், கைப்பொருள் இம்மூன்றுந்தாம் என் அளவுகோல். இதற்குக் குளிரறையில் உட்கார்ந்து புள்ளிவிளத்தம் தொகுக்க வேண்டுவதில்லை.

முதலில் காலை எடுத்துக்கொள்வோம். மதுரை, காலால் நடப்பவனுக்காக வகுக்கப்பட்ட ஊர். கோயிலை நடுவாக வைத்து ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி என்று ஒன்றனைச் சுற்றி ஒன்றாகச் சதுரஞ் சதுரமாய்த் தெருக்கள். அவற்றுக்கும் வெளியே உள்ள வெளிவீதிகள் 1840களில் வந்தவை. மாவட்டத் தண்டலராயிருந்த பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேயர், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உண்டானவை. அவ்வேலையில் உழைத்த பெருமாள் மேத்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் இன்றும் இரு தெருக்களில் நிலைத்துள்ளன. மதிலை இடித்தவன் வெள்ளைக்காரன்தான். ஆனாலும் தெருவின் பழைய சதுர ஒழுங்கை அவன் மாற்றவில்லை. இல்லையென்றால் இன்று நாம் நடக்க வழியிருந்திராது.

இங்குத் தொழிலுக்கொரு தெரு. வெண்கலக்கடைத் தெரு என்றால் ஏனம் வாங்கலாம். வளையற்காரத் தெரு என்றால் வளையல். நெல்பேட்டை, விளக்குத்தூண் என்று பெயரைச் சொன்ன அளவிலேயே இன்னது கிடைக்குமென்று பிள்ளைகளுக்கும் தெரியும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இவ்வூரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பகலிற் கூடும் கடைத்தெரு வேறு, இரவிற் கூடும் கடைத்தெரு வேறு என இரண்டு வைத்திருந்த ஊர் இது. இன்றைக்கும் நள்ளிரவில் தொடர்வண்டியை விட்டிறங்கும் ஏழைக்குச் சூடான இட்டலி இரண்டு கிடைக்கும். 'தூங்கா நகர்' என்பதை நாம் பெருமைக்குச் சொல்கின்றோம். உண்மையில் அது பசித்தவனுக்கு இவ்வூர் செய்யும் உதவியின் பெயர்.

சிம்மக்கல்லில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளை படிக்க மாவட்ட நடுவ நூலகம் கூப்பிடு தொலைவில். உடம்புக்கு முடியாவிட்டால், 1889இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து கோரிப்பாளையம் பக்கம் போனால் அரசு இராசாசி மருத்துவமனை. தென்மாவட்ட ஏழைகள் அனைவர்க்கும் அதுவே கடைசி அடைக்கலம். காய்கறி, மளிகை, துணி, நகைக்கடன் எல்லாம் நடைத்தொலைவு. பாண்டித்துரையார் 1901இல் நிறுவிய தமிழ்ச்சங்கமும் பக்கத்துச் சாலையிலேயே இருக்கின்றது. குடிக்கூலியும் சென்னையோடு ஒப்பிட்டால் மூச்சுவிடும் அளவில்தான். காலும் கைப்பொருளும் என்ற இரண்டு அளவிலும் மதுரை நல்ல மதிப்பெண் பெறுகின்றது.

இனிச் சென்னைக்கு வருவோம். முன்னுரையாக ஒன்று. சென்னையைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது, அந்நகர் தமிழர்க்கே உரியதென்று ம.பொ.சி. போன்றோர் போராடி நிலைநாட்டிய ஊர் அது. 1996இல் அதற்குரிய தமிழ்ப் பெயர் அரசுமுறைப் பெயராயிற்று. பேருந்து வலையானாலும், 2015 முதல் ஓடும் மெட்ரோ தொடர்வண்டியானாலும், கன்னிமாரா நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற அறிவுச்சாலைகளானாலும் மதுரை சென்னைக்கு இணையாகாது. நோய் முற்றியவன் அங்குத்தான் ஓடுகின்றான். கூலியும் அங்குத்தான் கூடுதல். மாலையில் காசு கொடாமல் கடற்காற்று வாங்கலாம். இவையெல்லாம் உண்மை, மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அந்தக் கூடுதற் கூலி கையில் நிற்கின்றதா? என் தமக்கை மகன் ஒருவன் வேளச்சேரிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் பணி செய்கின்றான். நான்கு பேருக்கு ஓர் அறை. பத்துத் திங்கட் குடிக்கூலியை முன்பணமாகக் கேட்பது அந்நகரின் நெடுநாளைய வழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று திங்களுக்கு மேல் வாங்கக்கூடாதென்கின்றது. 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்னும் அந்த வாயிலின் வழியே யானையே நுழையலாம்! நாள்தோறும் போகவும் வரவும் மூன்று மணி நேரம் அவனுக்குச் சாலையிலேயே கழிகின்றது. "மாமா, மதுரையில் ஒரு நாள் என்றால் ஒரு நாள். இங்கே ஒரு நாள் என்பது அரை நாள்தான்" என்று ஒருமுறை சொன்னான். அவன் தமிழறிஞன் அல்லன். ஆயினும் இத்தலைப்பில் நான் கேட்ட நல்ல விளக்கம் அவனுடையதே.

அவன் பட்டதில் பெரும்பாடு தண்ணீர்ப்பாடு. 2015 திசம்பரில் அவன் குடியிருந்த தெருவில் இடுப்பளவு நீர். 2019 சூனில் அதே தெருவில் குடிக்க நீரில்லை. தண்ணீர் உந்து நள்ளிரவில் வருமென்று சொல்லிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, விடிந்ததும் கண்ணெரிச்சலோடு பணிக்குப் போனான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் அவ்வாண்டு வறண்டன. சூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் 50 பெட்டிகளில் 25 இலக்கம் லிட்டர் காவிரி நீர் சென்னைக்கு வந்தது. தொடர்வண்டிக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். வெட்கப்பட வேண்டிய நாளில் விழா எடுக்க நம்மைவிட்டால் ஆளில்லை.

நான்காண்டு இடைவெளியில் ஒரே தெரு மூழ்கவும் வறளவும் கூடுமா என்று வியக்க வேண்டா. இரண்டும் ஒன்றுதான். நீர் தங்கியிருந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். ஆகவே மழைக்காலத்தில் அது நம் வீட்டுக்குள் வந்தது, கோடையில் நம்மை விட்டுப் போயிற்று. இன்றைய தியாகராயநகர், 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர். நுங்கம்பாக்கத்து ஏரியும் அவ்வாறே போயிற்று. அவ்வேரி இருந்த இடத்தில்தான் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது. இதைச் சொல்ல என் நா கூசுகின்றது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வானையும் மழையையும் வைத்துப் பாடியவர் வள்ளுவர். அவர்க்குக் கோட்டம் எடுக்க நமக்குக் கிடைத்த இடம் ஏரிதானா?

தன் ஏரிகளைத் தூர்த்துவிட்ட சென்னை பின்பு என்ன செய்தது? பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீரநாராயணன் ஏரியை, நாம் வீராணம் என்றழைக்கும் அதனை, நாடிற்று. 2004 முதல் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் குழாய் போட்டு அந்நீரைக் கொணர்ந்தார்கள். 1983 உடன்பாட்டின்படி ஆந்திரத்திலிருந்து கிருட்டிணை நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எழுந்தன. கடலைக் குடிக்கத் தொடங்கிய பின்னும் அவ்வூரின் நீர்வேட்கை தீரவில்லை. கடலூர்ப் பக்கத்து உழவன் வயலுக்கு வேண்டிய நீர், குழாய் வழியே அடுக்குமாடிக்குப் போகின்றது. ஒரு நகர் வாழத்தக்கதாயிருக்க, அதற்கு வெளியே எத்தனை ஊர்கள் வாழத்தகாதவையாக வேண்டும் என்ற கேள்வியை எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

மதுரைக்காரர்கள் முகத்தில் ஒரு புன்முறுவலைப் பார்க்கின்றேன். பொறுங்கள். நம் கதை என்ன? தல்லாகுளத்தில் குளத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்! உலகனேரியில் கண்மாய் இருந்தது. அங்கே இன்று உயர்நீதிமன்றக் கிளையின் கட்டடங்கள் நிற்கின்றன. கண்மாயைக் காக்கச் சொல்லி வழக்குப் போடுபவன், கண்மாயின் மேல் நின்றுதான் வழக்குரைக்க வேண்டியிருக்கின்றது. வைகையோ, அணையிலிருந்து நீர் திறக்கும் நாள்களில் ஆறு. மற்ற நாள்களில் கழிவுநீர் ஓடை. யானைக்கல் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் நாணல் எது, நெகிழிப்பை எது என்று வேறுபடுத்த நேரம் பிடிக்கும். குழாய்நீர் முறைவைத்து வருகின்றது; முறை தவறினால் இங்கும் குடம் ஏந்திய பெண்களே தெருவில் நிற்கின்றார்கள். சென்னை நூறாண்டுக்கு முன் தொடங்கிய தவற்றை நாம் ஐம்பதாண்டுத் தாழ்வில் செய்துகொண்டிருக்கின்றோம். பட்டறிந்தவன் கதையைப் பக்கத்திலிருந்து கேட்டும் திருந்தாதவனுக்கு என்ன பெயர் வைப்பது?

ஒன்றை மட்டும் மகிழ்ந்து சொல்வேன். திருமலை மன்னர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம், பல்லாண்டு வறண்டு பிள்ளைகள் பந்தாடும் திடலாகக் கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்குத் தெப்பத்தை நிலைத்தேராக நிறுத்திய ஆண்டுகளும் உண்டு. அண்மையாண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியே வைகைநீர் வரும் பழைய வழியைச் சீராக்கியதும் குளம் நிரம்பிற்று. புதிய அறிவியல் ஒன்றும் தேவைப்படவில்லை; அடைபட்ட வாயைத் திறந்தார்கள், நீர் வந்தது. இன்று மாலையில் அக்கரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். காசின்றிக் காற்று வாங்கச் சென்னைக்காரனுக்குக் கடல் இருந்தால், நமக்கு இது இருக்கின்றது.

மூன்றாம் அளவுகோல் வாய். இதற்காகவே நான் இன்று பேச ஒப்புக்கொண்டேன். தன் மொழியில் பேசித் தன் செயலை முடித்துக்கொள்ள இயலாத ஊர், நீரும் நிழலும் நிறைந்திருந்தாலும் வாழத்தக்க ஊராகாது. அங்கே அவன் குடிமகன் அல்லன், விருந்தினன். சென்னையின் பெருங்கடைகளில், வங்கிகளில், வானூர்தி நிலையத்தில் தமிழில் தொடங்கும் பேச்சு எத்தனை முறை தமிழிலேயே முடிகின்றது? வயிற்றுக்காக வந்து கட்டடம் கட்டும் வடநாட்டுத் தொழிலாளியை நான் குறை கூறவில்லை. அவனும் தன் ஊரில் வாழ வழியின்றி வந்தவன். இங்கே நாம் அவனுக்குத் தமிழ் கற்பிக்கவுமில்லை, ஒழுங்கான கூலி கொடுக்கவுமில்லை. நான் கேட்பது, தமிழ் தெரிந்தும் தமிழில் விடை சொல்லாத தமிழனை.

அவன் சென்னையில் மட்டுமா இருக்கின்றான்? கடைப் பலகைகளில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் அடுத்தும், பிறமொழி மூன்றாவதுமாக, 5:3:2 என்னும் அளவில் இருக்கவேண்டுமென்பது அரசு விதி. நகர்மண்டபச் சாலையில் ஒருமுறை தலையை நிமிர்த்தி நடந்து பாருங்கள். 1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய மொழிஞாயிறு பாவாணர், இம்மதுரை மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் உயிர் பிரிந்த ஊரின் தெருவில் 'சில்க்சு', 'பேக்கரி', 'சுவீட்சு' என்று ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டு, விதியை நிறைவேற்றிவிட்டதாகக் கடைக்காரர் எண்ணுகின்றார். நம் பெருமை வேறு, நம் பலகை வேறு.

பலகையாவது வெளித்தோல். உள்ளே போவோம். 2004 சூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கிற்று. நம் இயக்கத்தார் உயர் வழக்குமன்றம் என்றெழுதுவோம், இரண்டும் ஒன்றே. அதற்கு முன் கன்னியாகுமரியிலிருந்து ஒருவர் மேல்வழக்காட வேண்டுமென்றால் 700 கிலோமீட்டர்க்கு மேல் சென்னைக்குப் போகவேண்டும். வண்டிச்செலவு, தங்கற்செலவு, இரண்டு நாட் கூலி இழப்பு. வழக்கு தள்ளிவைக்கப்பட்டால் மீண்டும் அதே செலவு. நயன்மை கிடைப்பதற்குள் நிலம் போய்விடும். கிளை வந்தபின் தென்மாவட்டத்தார் விடியலிற் புறப்பட்டு அந்திக்குள் வீடு திரும்புகின்றார்கள். மதுரையின் வாழ்தகவை உயர்த்திய செயல்களுள் இதற்கு இணையானது அண்மைக் காலத்தில் வேறில்லை என்பேன். எத்தனையோ ஆண்டுகள் தென்மாவட்ட வழக்குரைஞர்களும் மக்களும் போராடிப் பெற்றது அது.

நிலத்தொலைவு குறைந்தது. மொழித்தொலைவு? உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவர், தம் காணி பற்றிய மேல்வழக்கைப் பார்க்க அங்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவர் தமிழர், இரண்டு பக்க வழக்குரைஞர்களும் தமிழர். மூவரும் அவருடைய வயலைப் பற்றி, அவர் முன்னிலையில், அவர்க்குத் தெரியாத மொழியிற் பேசுகின்றார்கள். அவர்க்கு விளங்குவன தம் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டுமே. வெளியே வந்து வழக்குரைஞரிடம், "ஐயா, என்ன சொன்னாங்க?" என்று கேட்கின்றார். அவ்வொரு கேள்விக்குள் இருக்கும் இழிவை நாம் உணரவேண்டும்.

இது மாற்ற முடியாத விதியுமன்று. அரசமைப்புச் சட்டத்தின் 348(2) பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழியை உயர் வழக்குமன்றத்திற் பயன்படுத்த இடந் தருகின்றது. அதன்வழி இந்தி, 1950இல் இராசத்தான், 1969இல் உத்தரப்பிரதேசம், 1971இல் மத்தியப்பிரதேசம், 1972இல் பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் வழக்குமன்றங்களில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்கும் அவ்வுரிமை வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்ச வழக்குமன்றத்தின் முழு அமர்வு ஒப்பவில்லை என்று விடை வந்தது. நான்கு மாநிலத்தார்க்குக் கதவு திறந்த அதே சட்டம், தமிழன் தட்டும்போது மட்டும் தாழிட்டுக்கொள்கின்றது. மதுரையின் வாழ்தகவைப் பற்றிப் பேசுவோர் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னைக்கு வந்த நோய், எல்லாம் ஓரிடத்தில் குவிந்த நோய். மதுரைக்கு வந்த நோய், எல்லாம் அங்கே போய்விட்ட நோய். இரண்டு நோய்க்கும் கரணியம் ஒன்றே. ஒரு குடும்பத்தில் ஒரே பிள்ளைக்கு ஐந்து பேர் சோற்றையும் ஊட்டினால், அவனுக்குச் செரியாமை. மற்ற நால்வர்க்கும் பட்டினி. ஆகவே, வாழத்தக்க ஊர் சென்னையா மதுரையா என்று கேட்பதே நம்மைப் பிரிக்கும் கேள்வி. மதுரைப் பிள்ளைக்கு மதுரையிலேயே பணி கிடைக்கும் நாளில் சென்னைக்காரனுக்கும் தண்ணீர் மிஞ்சும்.

இதை ஆண்டோர் அறியாமலில்லை. 1983இல் முதலமைச்சராயிருந்த ம.கோ.இரா., தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும் எண்ணத்தை வெளியிட்டார். நாட்டின் நடுவிடம், பக்கத்தில் காவிரி என்ற இரண்டும் அவ்வெண்ணத்தின் அடிப்படை. எதிர்ப்பு எழுந்தது, எண்ணம் கைவிடப்பட்டது. நான் தலைநகரையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஆனால் அலுவலகங்கள் அனைத்தும், கல்வி நிறுவனங்கள் அனைத்தும், தொழில்கள் அனைத்தும் ஒரு கடற்கரையிலேயே ஏன் நெருக்கியடித்து நிற்கவேண்டும்?

மதுரைக்குத் தரப்பட்டவற்றின் கதையையும் பாருங்கள். தோப்பூரில் நடுவணரசின் பெருமருத்துவமனைக்கு 2019 சனவரி 27ஆம் நாள் அடிக்கல் நட்டார்கள். 2022இல் மாணவரைச் சேர்த்தபோது தோப்பூரில் அவர்கள் உட்காரக் கட்டடமில்லை. இராமநாதபுரத்தில் இடம் பார்த்துப் படிக்கவைத்தார்கள். மதுரை மருத்துவக் கல்லூரி, முகவையில்! திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை மெட்ரோ தொடர்வண்டி வேண்டுமென்ற திட்டத்தை 2025 நவம்பரில் நடுவணரசு திருப்பி அனுப்பிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள்தொகை 20 இலக்கம் இல்லையாம். கணக்கெடுத்துப் பதினான்கு ஆண்டுகள் கடந்தபின் அந்தக் கணக்கைக் காட்டுகின்றார்கள். பிள்ளைகளெல்லாம் சென்னைக்குப் போய்விட்டால் மதுரையில் 20 இலக்கம் எங்கிருந்து வரும்? மாட்டுத்தாவணியில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு 2025 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது வளரட்டும், அதில் நம் பிள்ளைகள் அமரட்டும். ஆனால் அதன் வாயிற்பலகை எந்த மொழியில் இருக்குமென்று இன்றே கேட்டு வைப்போம்.

கேட்பதற்கு முன் நம் தெருவை நாம் எண்ணியிருக்க வேண்டும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு இதே இடத்திற் கூடுவோம். இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரியவேண்டும். ஓரணி சிம்மக்கல்லிலிருந்து வடக்குமாசி வீதி வழியாக நகர்மண்டபச் சாலைவரை நடந்து, கடை கடையாகப் பலகையின் தமிழ் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் சினந்து பேச வேண்டா. பாதிப்பேர் நம் உறவினர். தமிழ்ப்பெயர் என்னவென்று கேட்பவர்க்குச் சொல்ல ஒரு சொற்பட்டி அச்சிட்டு வைத்துள்ளோம். மற்றோரணி வண்டியூர்க் கண்மாய்க்குப் போய், நீர்வரத்து வாய்கள் எத்தனை, அவற்றுள் அடைபட்டவை எத்தனை என்று பார்த்து வரும். இரண்டு கணக்கையும் சேர்த்து மாநகராட்சி ஆணையரிடம் தமிழில் எழுதிக் கொடுப்போம். உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டுமென்ற விண்ணப்பத்தாள் வாயிலில் மேசை மேல் இருக்கின்றது; கையெழுத்தைத் தமிழிலேயே இட்டுவிட்டுச் செல்லுங்கள். கண்மாய்க்கு வருகின்றவர்கள் செருப்பு அணிந்து வாருங்கள். அங்கே கருவேல முள் மிகுதி.